ஒன்பது குறைகள்

கிறிஸ்டோபர் ஆறு மாதமாகப் புராடக்ட் மேனேஜர் ஆக முயன்றுகொண்டிருந்தான். அது என்ன வேலை என்று ஆரணியில் கேட்டவர்களுக்கெல்லாம், ஒரு பொருள் யாருக்காக, எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிற வேலை என்று விளக்கமாகச் சொன்னான். அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "ஆக, மேனேஜர்" என்று முடித்துக்கொண்டார்கள். அவன் மனைவி பிரிஸில்லாவுக்கு அந்த வேலையில் ஒரே ஒரு விஷயம் போதுமாயிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இப்போதைய வேலையில் அவன் வாரம் முழுக்கச் சென்னையில் கிடந்து, சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, மூன்று வயது மகள் ஜாய்ஸ் முகம் பழகிச் சிரிப்பதற்குள் ஞாயிறு சாயங்காலம் கிளம்ப வேண்டியிருந்தது.

முதல் இரண்டு கம்பெனிகளும் இன்டர்வியூவில் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கும் என்று ஒருவர் கேட்டார். கிறிஸ்டோபர் மக்கள்தொகையில் ஆரம்பித்துச் சட்னி வரைக்கும் போய் நின்றான். "பிரமாதம்!" என்றார் அவர். இன்னொரு இடத்தில் கண் தெரியாதவர்களுக்கு ஒரு கடிகாரம் யோசிக்கச் சொன்னார்கள். அதுவும் பிரமாதம்தான். இரண்டு பிரமாதங்களுக்கும் ஆளுக்கொன்றாக வருத்தம் தெரிவித்து மெயில் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் பிரிஸில்லா. அக்கம்பக்கத்தில் நெய்யும் பட்டுப்புடவைகளை முன்னறையில் விரித்து, வீடியோ காலில் விற்பவள் அவள். "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிகினே இருக்கறவங்க வாங்கவே மாட்டாங்கங்க. கரை சின்னது, கலரு டல்லுன்னு பேஜார் பண்றாங்க பாருங்க, அவங்கதான் வாங்குவாங்க. மனசுக்குள்ள கட்டிப் பாத்துட்டாங்க, அதான் குறை தெரியுது."

"இது கம்பெனி, பிரிஸி. புடவைக் கடை இல்ல."

மூன்றாவது கம்பெனி மிகப் பெரியது. நான்கு சுற்றுகள். வியாழனும் வெள்ளியும் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தவன், வியாழக்கிழமை உள்ளறையில் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்து, கடைசிச் சுற்றுக்குக் காத்திருந்தான். திரையில் சுபத்ரா என்ற பெங்களூர் அம்மாள் வந்தாள். நெல் கொண்டுவருகிறவர்கள் அரிசி மில் வாசலில் காத்துக் கிடக்காமலிருக்க அவன் ஓர் ஆப் யோசித்து வைத்திருந்தான். நெல் கொண்டுவரும் ஒருவரிடமாவது பேசினீர்களா என்று கேட்டாள். பேசவில்லை. வண்டி ஓட்டுகிறவர் எந்தக் கையால் பட்டனை அழுத்துவார்? மழை வந்தால்? ஒரு மணி நேரம் அவள் சிரிக்கவே இல்லை.

வெளியே வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் பிரிஸில்லா கேட்டாள்: "எத்தினி குறை சொன்னாங்க?"

"ஒம்பது."

"ஒம்பதா! கெடச்சிடுச்சிங்க!"

அரை மணி நேரத்தில் அரைக் கிலோ மைசூர்பாகு வந்திறங்கி, தெருவில் விநியோகம் ஆரம்பமாகிவிட்டது. எதிர்வீட்டுச் சாவித்திரி "எப்போ சேரணும்?" என்று கேட்டது உள்ளறை வரைக்கும் கேட்டது. கிறிஸ்டோபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் திறந்து, சொந்தக் காரணங்களுக்காக இந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அடித்து அனுப்பினான். அவர்கள் என்ன என்னை வேண்டாம் என்பது? பத்து நிமிஷம் ராஜா மாதிரி இருந்தது. பிறகு, அனுப்பிய மெயிலைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று தேடினான். பிரிஸில்லாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜாய்ஸுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவன் கையெல்லாம் சாம்பார். பிரிஸில்லாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிறிஸ்டோபர், சுபத்ரா பேசறேன். உங்கள எடுத்துக்கலாம்னு எழுத உக்காந்தா, உங்க மெயில் வந்து நிக்குது. ஏன் விலகிட்டீங்க?"

பிரிஸில்லா போனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ஒரு பொய் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்து, அந்தப் பார்வையில் திரும்பிப் போய்விட்டது.

"பயந்துட்டேன் மேடம். நீங்க வேணாம்னு சொல்றதுக்குள்ள நானே சொல்லிட்டா அசிங்கமா இருக்காதுன்னு நெனச்சேன்."

மறுமுனையில் சுபத்ரா முதல் தடவையாகச் சிரித்தாள். "நேத்து ஒரு மணி நேரத்துல நீங்க இப்படி நேரா ஒரு பதில்கூடச் சொல்லல. பதினோரு மணிக்கு, எடுத்தவங்க பட்டியல் மேல போயிடும். வர்றதுன்னா அதுக்குள்ள ஒரு மெயில் போடுங்க."

போன் அணைந்தது. கிறிஸ்டோபருக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. 'நான் அப்பவே சொல்லல?' என்று அவள் இனி ஒரு வருஷத்துக்கு ஓட்டப் போகிறாள், ஓட்டட்டும் என்று நினைத்தான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"அவங்க வேணாம்னு சொல்லியிருந்தா பரவால்லங்க" என்றாள் பிரிஸில்லா. "நீங்க வீட்டோட வந்துருவீங்கன்னு நானும் பாப்பாவும்தான் ஆறு மாசமா உக்காந்துகினு இருக்கோம். எங்களையும் சேத்துத்தானே விலக்கிட்டீங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கேக்கல" என்றான். "தப்புதான்."

அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "ஜல்தி கைய கழுவிகினு வந்து அடிங்க. அனுப்பறதுக்கு முன்னாடி நான் படிக்கணும்."

அவன் கை கழுவிவிட்டு வந்து, அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.