புளி போட்டுத் தேய்த்த வளையம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று காரைக்குடி டிரைவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அறுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் அந்தச் சனிக்கிழமை வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. இருந்தது என்றுதான் சாயங்காலம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குமரப்பன் செட்டியார் வீட்டு அம்பாசிடரை அப்போது எட்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து, செட்டியாரையும் தேனம்மை ஆச்சியையும் அவர்களுடைய நாலு வயதுப் பேத்தியையும் ஏற்றி வரும்போது, மானகிரி ஊருணிக் கரையில் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. மிதித்து நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம். ஆச்சி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனி நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த மாட்டு வண்டியில் ஏறிவிட்டார். ஒரே மாதத்தில் விளக்கு அணைந்தது இது மூன்றாவது தடவை.

மறுநாள் காலையில் மெக்கானிக் சேவுகன் வந்தான். ஏற்கெனவே இரண்டு முறை பல்பு மாற்றியவன் அவன்தான். பானட்டைத் திறந்தான், மூடினான்.

"வயரிங் பூராவும் போச்சு, முதலாளி. பள்ளம் மேடு பாக்காம ஓட்டுனா இப்புடித்தான் ஆகும். மதுரைக்கு அனுப்புனீகன்னா ஒரு வாரத்துல மாத்திரலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டு தடவை பல்பை மாத்துனியே, ரெண்டும் ஏன் ஒண்ணா அணையுது? அதைச் சொல்லிட்டுப் போடா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். செட்டியார் பக்கம் திரும்பி, வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "இந்த வண்டியில என் கையால ஒரு தப்பும் நடக்கல, முதலாளி. சத்தியமாச் சொல்றேன்" என்றேன்.

செட்டியார் சத்தம் போடுகிற மனிதரில்லை. "சாயங்காலம் நான் காப்பி குடிக்க உக்காரும்போது வெளக்கு எரியணும், கருத்தையா. இல்லாட்டி சாவியை மேசையில வச்சுட்டுப் போயிரு" என்றார்.

வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊருணியில் பிள்ளையைத் தள்ளப் பார்த்த டிரைவர் என்று பேர் வந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் என்னை நம்பி வண்டியைக் கொடுப்பார்கள்? பார்த்துவிடுவது என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

கார் ஷெட்டின் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டேன். ஹெட்லைட் பல்புகளைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தேன். இரண்டும் எரிந்தன. பல்பு மேல் குற்றமில்லை.

அடுத்து சுவிட்சைப் போட்டுவிட்டு, ஹோல்டருக்குக் கரண்டு வருகிறதா என்று பார்த்தேன். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டி, ஒன்றை ஹோல்டரிலும் மற்றதை நீட்டிக் கொண்டுபோய் பேட்டரியிலும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. சேவுகன் மாற்றச் சொன்ன வயரிங்கில் கரண்டு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அவனை வாயில் வந்தபடி திட்டினேன். கேட்க ஆளில்லை என்பதுதான் குறை.

பல்பு நல்லது, கரண்டும் வருகிறது. பின்னே ஏன் எரியவில்லை? வந்த கரண்டு திரும்பிப் போக வேண்டாமா? பேட்டரியில் வைத்திருந்த வயரை எடுத்து ஹோல்டரின் கறுப்பு வயரில், அதாவது எர்த் வயரில், வைத்தேன். சின்ன பல்பு எரியவில்லை. வழி அங்கேதான் அடைத்திருந்தது. பெரிய பல்புகளை மறுபடி மாட்டிவிட்டு, அந்தக் கறுப்பு வயரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு வயரை இழுத்தேன். சுவரில் இரண்டு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. தனியாக நின்று சிரித்தேன்.

இரண்டு விளக்கின் கறுப்பு வயரும் ரேடியேட்டருக்கு முன்னால் தகரத்தில் ஒரே போல்ட்டில் போய்ச் சேருகின்றன. அதைக் கழற்றினேன். வயர் முனையில் காசளவு பித்தளை வளையம். அதைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. களிம்புக்கு அடியில் மஞ்சளாக என்னவோ காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

வளையத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் பித்தளை என்று இருப்பது அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்துத்தான் பூஜைக்குக் கொண்டுவர வேண்டும். அண்டாவும் குடமும் குத்துவிளக்கும் முற்றம் நிறையக் கிடந்தன. காரும் இந்த வீட்டுக் கார்தானே என்று நான் இந்த வளையத்தைக் கழற்றினேன். புளி போட்டுத் தங்கம் போலத் தேய்த்தேன். சரியாக அலசாமல் சந்தனத்தை அப்பி, அப்படியே முடுக்கிவிட்டேன். இதைச் செய்யச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. சேவுகன் பல்பு மாற்றும்போதெல்லாம் வயர் அசைந்து கொஞ்ச நாளைக்குப் பிடித்திருக்கும்.

உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டு, துரு என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன், மறைப்பானேன். ஆனால் காலையில் அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் பண்ணியிருந்தேனே. தகரத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, புது வளையம் ஒன்றை மாட்டினேன். பழையதை அழுக்கோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செட்டியார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சாவியையும் வளையத்தையும் மேசையில் வைத்தேன்.

"லைட்டு எரியுது, முதலாளி. கெடுத்தது நாந்தான். காலையில பண்ணுன சத்தியம் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். செட்டியார் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துருன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."

"நம்பியிருப்பீக. அடுத்த பூசைக்கு வேற எதையாச்சும் கழட்டித் தேச்சிருப்பேன்."

ஆச்சி வந்து வளையத்தை வாங்கி மோந்து பார்த்தார். "புளி போடச் சொன்னது நானு" என்றார்.

"பாத்திரத்தைச் சொன்னீக, ஆச்சி. காரைச் சொல்லல."

ஆச்சி உள்ளே போனார். சாவி மேசையில் கிடந்தது. செட்டியாரும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. எட்டு வருஷம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆச்சி திரும்பி வந்தபோது இடுப்பில் பேத்தி இருந்தாள். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மானகிரிக்கு விடு."

இருட்டிக்கொண்டு வந்தது. ஊருணிக் கரை வந்ததும் என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. தண்ணீர் மேல் வெளிச்சம் நீளமாகக் கிடந்தது.

"ஏன் மெதுவாப் போற?" என்றார் ஆச்சி பின்னாலிருந்து. "அதான் வெளக்கு எரியுதுல்ல."