அப்பாவின் தாடை

"தம்பி, மறுபடியும் தாடைய உள்ள இழுக்கறீங்க," என்றாள் கேமராவுக்குப் பின்னால் நின்ற டெக்னீஷியன் பெண்.

மகன் என்ன செய்வான், பாவம். பள்ளிக்கூடத்தில் துருத்திய தாடைக்காக 'அகப்பை' என்று பெயர் வாங்கியதிலிருந்து, கேமராவைக் கண்டாலே தாடை தானாக உள்ளே போய்விடும். தாடையைப் பின்னுக்குத் தள்ளும் ஆபரேஷனுக்காக, போன வாரம் எடுத்த மண்டையோட்டு ஸ்கேன் மேல் இன்றைய முகப் படத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். நெற்றியும் மூக்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. உதடு மட்டும் எலும்போடு சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பொருந்தாத படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியுமா?

"கண்ண மூடிக்கங்க. தூங்கற மாதிரி விட்டுடுங்க."

விட்டான். மூலையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் திக்கென்றது. அடப்பாவி, அப்படியே அவர்! இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போன மனுஷன், இத்தனை வருஷம் கழித்து அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கினார். அதே துருத்திய தாடை. காலையில் அவருக்கு முன்னால் விழித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி படுத்துக் கிடந்த நாட்கள் உண்டு. மானங்கெட்ட மனசு, இன்னும் அந்த ஆளுக்காக ஏங்குகிறது. வெளியே சொன்னால் எல்லோரும் காறித் துப்புவார்கள். மகன் முதலில் துப்புவான். சாப்பாட்டை மெல்ல முடியவில்லை என்பது அவன் டாக்டரிடம் சொன்ன காரணம். அவளிடம் சொன்னது வேறு: "கண்ணாடியப் பாத்தா அந்தாளு மூஞ்சிதாம்மா தெரியுது."

இந்த முறை படம் பொருந்தியது. டெக்னீஷியன் மவுஸை நகர்த்த, திரையில் தாடை எலும்பு பின்னால் போனது. கூடவே சதையும் போனது.

"கடிக்கறதுக்கு இவ்ளோ போதும். இதுக்கு மேல முகத்தோட அழகுக்குத்தான். அது உங்க இஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அம்மாவே சொல்லட்டும்," என்றான் மகன். "அவங்க நிறுத்துன்னா நிறுத்துங்க."

தாடை மெதுவாகப் பின்வாங்கியது. அவர் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கும் இப்படித்தான் போனார். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாரோ என்னவோ, ரோஷத்தில் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டாள்.

"போதும்," என்றாள்.

மகன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னும் தெரியறாரேம்மா."

"தெரியட்டுமேடா. கொஞ்சம்."

டெக்னீஷியன் மவுஸைப் பிடித்தபடி காத்திருந்தாள். மகனின் விரல்கள் அவன் தாடையை, யாருடையதையோ தொடுவதுபோல, மெல்லத் தடவிக்கொண்டிருந்தன.