குழாயைத் திறந்துவிட்டு

...தொட்டியே காலியாகிவிட்டதாம், பள்ளிக்கூடத்துக் குழாய் அத்தனையையும் திறந்துவிட்டு நடுவில் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தாளாம் மகள், என்ன பேசினாள் என்று கேட்காமலே எழுந்து வந்திருக்கலாம், டீச்சர் தயங்கித் தயங்கித்தானே சொன்னாள், "உங்க வீட்டுக்காரர் தனியா வீடு பாத்திருக்காராமே... அதை பாப்பா அம்மாகிட்ட சொல்லக்கூடாதாம்," அதைக் கேட்டு இவள் என்ன செய்தாள், சிரித்தாள், வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் பொருந்தாத மூக்குக்கெல்லாம் "எடுப்பா இருக்கு" என்று சிரிக்கிற அதே சிரிப்பு. இப்போது பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது குழந்தை, ஏழு வயது... வீடு பார்த்தாயிற்று, ஜன்னல் உண்டா, எத்தனை அறை, அதையும் இது போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறதா, பக்கத்தில் படுத்துக்கொண்டு, தலை பின்ன முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறக்கவில்லையே, அவன் செய்ததைக்கூட விழுங்கிவிடலாம், வயிற்றில் சுமந்ததுமா...

ஆனால் குழாய் யாருடைய யோசனை? அவனோடு சண்டை என்றால் குளியலறை, கதவைச் சாத்து, தண்ணீரைத் திற, குழந்தை காதில் ஒரு சொல் விழக்கூடாது, சட்டம் போட்டவள் இவள்தானே, எதிர்வீட்டு அக்காவிடம் "எங்க வீட்ல சத்தமே வராதுக்கா" என்று பெருமை வேறு, தண்ணீர் ஓடினால் சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒருத்தி பாடம் படித்திருக்கிறாள், அவள் பென்சிலையெல்லாம் உடைத்தபோதும் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தபோதும் திமிர் என்றுதானே முதுகில் ஒன்று வைத்தாள் இவள்...

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

கால் ஆடுவது நின்றது. "சொன்னா நீ அழுவன்னு அப்பா சொன்னாரு. சொல்லாம இருந்தா வயிறு வலிக்குதும்மா, அதான் தண்ணிகிட்ட சொன்னேன்." பிறகு, இன்னும் மெதுவாக, "அப்பாகிட்ட கேக்காத. நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா என்னைப் பாக்கவே வரமாட்டாரு."

"கேக்கமாட்டேன்டா செல்லம்." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில், குழந்தை முழுப் பாரத்தையும் இவள் தோளில் சாய்த்துக்கொண்டது, அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று முதல் சொல்லிலிருந்து மனதில் அடுக்கி வைத்திருக்கிறாளே, கேட்டால் யார் சொன்னது என்பான், என்னவென்று சொல்வாள், அவனைத் தவிர அந்த வீட்டைத் தெரிந்தவள் ஒருத்திதான், இதோ, இந்த வாயிலிருந்து வந்ததை நம்பிக் கண்ணயர்கிறாள்...