மோட்டாரின் வாயை அடைத்த கதை

1

ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காலையில் சிவனாண்டி போன் செய்து, தன் தப்பை ஒப்புக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். போன வாரம் வைகை வெள்ளத்தில் எங்கள் மீட்புக் குழுவின் படகு பாலத்துத் தூணில் மோதி, ரெங்கம்மாள் என்பவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படகை ஓட்டியவன் அவன்தான். யார் தப்பு என்று எழுத்தில் வேண்டும் என்கிறார் ரெங்கம்மாளின் மகன். அது போலீசுக்குப் போகும். சிவனாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைப்பவன். கேஸ் என்று வந்தால் வேலை போய்விடும் என்று அவனுக்கும் தெரியும்.

"படுத்தா அந்தம்மா கத்துனதுதான் சார் கேக்குது. எழுதிக் குடுத்துர்றேன்," என்றான்.

ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வருவான். இப்போது நாலே கால்.

2

முதல் தொடக்கம்: "அன்று வைகை இரு கரையும் புரள—" (வெள்ளம் என்றால் எல்லோருக்கும் இந்த வரிதான் வரும். வேண்டாம்.)

இரண்டாவது: "படகோட்டி சிவனாண்டி, மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளையைச் சரிபார்க்காமல்—" (இது கடிதம். கை தானாக அந்தப் பக்கம் போகிறது.)

மூன்றாவது: ஏப்ரல் மாதம், கே.கே. நகர் பின்தெருவில் தமிழ்வாணியின் ஒர்க்‌ஷாப்.

இதை வைத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இதுதான் தொடக்கம்.

3

தமிழ்வாணி கார்களின் என்ஜின் கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவள். படகு மோட்டாரிலும் அப்படி ஒன்று உண்டு. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது பீப் பீப் என்று கத்தும். வேகத்தையும் தானே குறைத்துவிடும். முந்தைய வருடம் கண்மாயில் நடந்த பயிற்சியில் எங்கள் மோட்டார் பத்தே நிமிடத்தில் அப்படிக் கத்தி மானத்தை வாங்கியது.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாள். சூடானது பதிவாகியிருந்தது. ஆனால் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை இறக்கி அரை மணி நேரம் ஓட்டியும் சூடு ஏறவேயில்லை.

(* ஏன் டிரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஏப்ரலில் வைகையில் மாடு மேயும். கண்மாயும் வெடித்துக் கிடந்தது. டிரம்மை விட்டால் படகு மோட்டாரைச் சோதிக்க மதுரையில் வேறு தண்ணீர் இல்லை. டிரம்மில் சுமையும் கிடையாது, ஆகாயத்தாமரையும் கிடையாது.)

குழுவின் செயலாளர் டிரம்மை நம்பினார். மோட்டார் கல்லு மாதிரி இருக்கிறது, சென்சார்தான் பொய் சொல்கிறது, வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடு என்றார். அடுத்த வாரம் நன்கொடையாளர்கள் பார்க்க வருகிறார்களாம். பீப் சத்தமும் வேண்டாம், படகில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்று கூடவே சொன்னார்.

"அது பொய் சொல்லுதா, நெசம் சொல்லுதான்னு ஆத்துல விட்டாத்தான் சார் தெரியும். தண்ணி வரட்டும்," என்றாள் தமிழ்வாணி.

தண்ணீர் வரும்போது ஆள் காப்பாற்றுவதா, மோட்டாரைச் சோதிப்பதா என்று செயலாளர் மடக்கினார். அவள் இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை செய்து கொடுத்தாள்.

4

இந்தச் செயலாளர் பாத்திரத்தோடு ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன். கெட்டவராக எழுதினால் ஒட்டவில்லை. அப்பாவியாக எழுதினால் எனக்கே எரிச்சல் வருகிறது. மூன்றாம் பகுதி முழுக்கப் பெயரே வைக்காமல் ஒப்பேற்றிவிட்டேன்.

வைத்துவிடுகிறேன். அனந்தபத்மநாபன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவர்.

நான்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

5

அணையைத் திறந்த அன்று சிவனாண்டி, மொட்டை மாடியில் தவித்த ரெங்கம்மாளையும் மருமகள் மீனாவையும் படகில் ஏற்றினான். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளையை ஆகாயத்தாமரை வேர்கள் அடைத்தன. மோட்டார் சூடானது. கத்தவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. முழு வேகத்தில் ஓடி, நடு ஆற்றில் இறுகி நின்றது. அப்புறம் தூண்.

குறைந்த வேகத்தில் மட்டும் அந்த வெள்ளத்தில் என்ன கிழித்திருக்க முடியும் என்று தமிழ்வாணியிடம் கேட்டேன். பீப் கேட்டதுமே கரைப் பக்கம் ஒதுங்கியிருப்பார் என்றாள். வாயைத் திறந்தால் கடை போய்விடும் என்று அவளும் பயந்துபோயிருக்கிறாள். நான் சொல்வேன் என்று காத்திருக்கிறாள்.

சிவனாண்டியிடம் ரிப்பேர் முடிந்தது என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். விபத்தை விசாரிக்கக் கூடிய எங்கள் குழுவின் கமிட்டியில் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"சத்தம் வரல. அதான் நான் குனிஞ்சு பாக்கல."

சாக்குச் சொல்கிறான் என்றார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

6

முடிவு ஒன்று: கடிதத்தை எழுதுகிறேன், அவன் கையெழுத்திடுகிறான். குழு பிழைக்கும். அடுத்த வெள்ளத்துக்கும் படகு இருக்கும். (இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் தூங்கியிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: பெயர்களை மாற்றி, இதைக் கதை என்று பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன். நல்ல மனசாட்சி என்று நாலு பேர் பாராட்டுவார்கள். சிவனாண்டிக்கு வேலை போயிருக்கும்.

முடிவு மூன்று: கமிட்டியில் எழுந்து நின்று, நான்தான்—

7

அவன் வந்துவிட்டான். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். நான் எழுதுவது அவனுடைய கடிதம் என்று நினைக்கிறான்.

"எழுதி முடிங்க சார், இருக்கேன்."

நிமிர்ந்து பார்க்க முடியாததால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம். இதில் விட்டால் அது அயோக்கியத்தனம். மேசையில் குவிந்த தாள்களைப் பார்த்துவிட்டான்.

"இம்புட்டா? ஒரு பக்கம் போதும் சார். தப்பு பண்ணுனது நான் ஒருத்தன்தான?"

முதலில் படித்துப் பார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் வாயெடுப்பதற்குள், நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் என்கிறான். பேனா மூடியைக் கழற்றி, கடைசித் தாளைத் தன் பக்கம் மெல்ல இழுக்கிறான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறான். நான் தாளை விடாமல் எழுதுகிறேன். இந்த வரியை முடித்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன். இல்லை, அடுத்த வரியை முடித்து—