கட்டியவர் முதலில் இறங்க வேண்டும்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் கிப்பே என்ற இறைச்சி உருண்டைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு பேரிங் கிடக்கும். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்குமாம். அப்போதுதான் அது சைக்கிள் சட்டத்துக்குள் சிராய்ப்பில்லாமல் போய் உட்காருமாம். மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர்காரனும் கைவிரிக்கும் நாட்களில் என் கணவன் வஜ்தி ஃப்ரீசரைத் திறந்து பார்த்து முகம் வாடுவான். அந்த வாட்டம் பேரிங்குக்காக, கிப்பேக்காக அல்ல. ஒருநாள் நான் பருப்புச் சோறு சமைக்கும் பெரிய பானையில் மெழுகை உருக்கி, சைக்கிள் செயினை அதில் முக்கி எடுத்தான். மெழுகு ஏறிய செயினில் அழுக்கு ஒட்டாது என்று விளக்கமும் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பானையில் நான் சமைத்த சோறும் ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு உம் நதீம் எங்கள் கராஜைக் கடக்கும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்ப்பாள். பழைய டிஷ் ஆன்டெனாக் கம்பத்தில் செய்த ஸ்டாண்டில் அவன் சைக்கிள் தொங்கிக்கொண்டிருக்கும், அவன் அதற்கு அடியில் மல்லாந்து கிடப்பான்.

"ஏம்மா ஹியாம், இந்த மனுஷன் இதை ஓட்டவும் செய்வானா? இல்ல, தூக்கி மாட்டி அழகு பாக்கறதோட சரியா?" என்பாள்.

"ஓட்டுவார் உம் நதீம், ஒரு சின்ன வேலை பாக்கி" என்று நான் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சின்ன வேலை பாக்கிதான்.

மலையிலிருந்து அவன் நண்பர்களைப் போல வேகமாக இறங்க முடியாததற்கு எப்போதும் ஏதாவது ஒரு பாகம்தான் காரணமாக இருந்தது. முதலில் டயர் வழுக்கியது. பிறகு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் விறைப்பாக இருக்கிறது என்றான். குவைத்தில் இருக்கும் அவன் தங்கை ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் அண்ணனுக்கு ஒரு பாகமும் வரும். கழற்றியதை எறிய மனசு வராமல் கராஜ் மூலையில் சேர்த்தான். கடைசியில் சைக்கிள் சட்டத்தையே மாற்றியபோது, மூலையில் கிடந்ததை எல்லாம் ஒன்றாகப் பூட்டிப் பார்த்தான். முழுச் சைக்கிள் ஒன்று வந்தது. அது அவன் முதன்முதலில் வாங்கிய அதே சைக்கிள், நட்டு போல்ட்டு உட்பட. அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்தா, இதை நீ வச்சுக்கோ. உனக்கு இது போதும்" என்று பெரிய மனசோடு கொடுத்தான்.

எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் ஷூஃப் மலைச்சரிவில் மேலே இருக்கிறது. நான் கணக்குச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெட்ரோலுக்கு மக்கள் வண்டியோடு வரிசையில் கிடந்து தூங்கிய அந்த வருஷம், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒலிவத் தோட்டங்களுக்குள் போகும் பழைய கழுதைப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்க ஆரம்பித்தேன். சாயங்காலம் பள்ளிக்கூட வேன் மேலே வரும், கூரையில் சைக்கிளைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். இதை விளையாட்டு என்று யாரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

விளையாட்டு என்றால் அதற்குக் கிளப் வேண்டும், சட்டை வேண்டும், விதி வேண்டும். எங்கள் ஊர் கிளப்புக்குத் தலைவர் பல் டாக்டர் ஸமீஹ். எல்லோரும் அவரை ஹகீம், அதாவது வைத்தியர், என்று கூப்பிடுவார்கள். மலையில் மண்வெட்டியோடு போய்த் தாங்களே பாதை போட்டு, தாங்களே அதில் இறங்குகிற கூட்டம் அது. அவர்களுடைய விதிகளில் முதலாவது, கட்டியவர் முதலில் இறங்க வேண்டும் என்பது. நியாயமான விதிதான். ஒருவன் போட்ட மேடையில் பலகை ஆடுகிறதா, கல் உருளுமா என்பதை அவன் எலும்பை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், அடுத்தவன் எலும்பை வைத்து அல்ல. அவன் இறங்கும்வரை குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருக்கும். முதலில் இறங்கியவருக்கே அந்த இடத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை. ஒலிவ அறுவடைக்கு முந்தைய ஞாயிறன்றும் கட்டியவர் இறங்காவிட்டால், துணிந்த யார் வேண்டுமானாலும் இறங்கிப் பெயர் வைக்கலாம்.

அந்தக் கோடை முழுக்க வஜ்தி ஒரு மதிலைக் கட்டினான். தோட்டத்துப் படித்தட்டுகளில் ஒன்றின் விளிம்பில், ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, கீழே வந்து விழுவதற்கு மண் கொட்டிச் சரிவு அமைத்தான். கல் சுமந்ததில் பாதி நான். கையில் கொப்புளம் வந்ததும் நான்தான். வேலை முடிந்தபோது, பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் பார்த்து விசில் அடித்தார்கள். இந்த மலையிலேயே இவ்வளவு நேர்த்தியான இறக்கம் கிடையாது என்று ஹகீமே சொன்னார். வஜ்திக்குத் தலைகால் புரியவில்லை. 'கழுகுப் பாய்ச்சல்' என்று பெயரும் யோசித்துவிட்டான்.

ஒரே ஒரு சிக்கல். கீழே கொட்டிய மண்ணை அவன் என் கழுதைப் பாதையிலிருந்து வெட்டி எடுத்திருந்தான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், பாதை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் சுற்றிப் போனேன். பாவாடை கிழிந்தது. முதல் மணிக்குப் பிறகு வாசலில் நுழைந்தபோது தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாளும் அதே பார்வை. அதற்கு அடுத்த நாள் நான் மதிலுக்கு மேலே நின்று யோசித்தேன். அதில் இறங்கினால் பள்ளத்தைத் தாண்டிப் பாதையைப் பிடித்துவிடலாம். பிறகு அந்தக் கடிகாரத்தை நினைத்துக்கொண்டு சிவப்பு நாடாவைத் தூக்கிவிட்டு இறங்கினேன்.

அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன்பிறகு தினமும் அப்படித்தான். இறங்கியதும் ஒரு ஓக் கிளையை ஒடித்து டயர்த் தடத்தைக் கூட்டிவிட்டுப் போவேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன்தான் முதலில் இறங்க வேண்டும் என்று நான் மனசார விரும்பினேன். நான் இறங்கியது வேலைக்குப் போனது, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் அவன் இறங்குவதாகக் காணோம். ஒரு ஞாயிறு டயரில் காற்று அதிகம் என்றான். அடுத்த ஞாயிறு குறைவு என்றான். அதற்கு அடுத்த ஞாயிறு வெயில் கண்ணில் அடிக்கிறதாம். கிளப்பில் லேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அவன் சாப்பாடு குறைந்தது. கராஜில் ஸ்பானர் சத்தம் மட்டும் கூடியது.

அறுவடைக்கு முந்தைய ஞாயிறு மொத்தக் கிளப்பும் மதிலுக்கு மேலே கூடியது. மாத்தே மூலிகைப் பானக் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது, யாரோ சூடாக மனாகீஷ் ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள். நான் என் சைக்கிளில் வந்து ஓரமாக நின்றேன்.

"அபூ ஜாத், ஏறுய்யா. வெயில் முதுகுல, காத்து இல்ல, டயரை நானே அமுக்கிப் பாத்துட்டேன்" என்றார் ஹகீம், எங்கள் மூத்த மகன் பெயரை வைத்து வஜ்தியைக் கூப்பிட்டு.

வஜ்தி பின்னால் தள்ளிப்போய்ச் சைக்கிளில் ஏறினான். வேகமாக வந்தான். விளிம்பில் பிரேக்கை அழுத்தி நின்றான். மறுபடி பின்னால் போனான், வந்தான், நின்றான். மூன்றாவது முறை சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து முன்சக்கரத்தில் காதை வைத்தான்.

"ஹகீம், ஃபோர்க்குல ஒரு சத்தம் கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குப் பல்லு சத்தம்தான் கேக்கும். இது எண்ணெய் சத்தம். புது ஃபோர்க்கு, இன்னும் பழகல."

"சக்கரமே இன்னும் மதிலுக்குக் கீழ போகல, அதுக்குள்ள ஃபோர்க்கு எப்படிய்யா கத்தும்? பயந்து கத்துதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹகீம் கெட்டவர் இல்லை, ஆனாலும் விதி விதிதான். தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்போ நான் இறங்கறேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. பேரு கூட ரெடி, 'ஹகீமின் நாற்காலி'. உக்காந்தா வாயைத் திறந்துடணும்" என்றார். மறுபடி சிரிப்பு.

நான் வஜ்தியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு கோடை முழுக்கக் கல் அடுக்கியவனின் மதிலுக்கு இன்னொருவர் நாற்காலி என்று பெயர் வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் ஹகீம்" என்றேன். "கட்டினவங்க யாரு? கல்லுல பாதி என் தோள்ல வந்தது. கட்டினவங்க ரெண்டு பேருன்னா, இன்னொருத்தி நான் இன்னும் மீதி இருக்கேன்."

"மிஸ் ஹியாம், இது விளையாட்டு இல்ல."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே நின்று திரும்பிப் பார்த்தபோது மேலே ஒருவர் கையில் மாத்தே குடுவை அப்படியே நின்றிருந்தது. பிறகு கூச்சல் கிளம்பியது. வஜ்தி கல்லையும் முள்ளையும் பார்க்காமல் சரிவில் சறுக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தான். நான் கையை விரித்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ச் சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டான்.

"இது என் பழைய ஃபோர்க்கு!" என்றான். "இதைப் போய்க் கழட்டினேனே, நான் ஒரு முட்டாள்!"

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சைக்கிளைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் ஹகீம் வந்துவிட்டார். "வாழ்த்துக்கள் மிஸ். என்ன பேரு வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பாதை."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேற ஏதாவது, கொஞ்சம் வீரமா..." என்று ஒருவர் இழுத்தார்.

அன்று சாயங்காலம் கராஜுக்குப் போனால், என் சைக்கிள் டிஷ் கம்பத்தில் தொங்கியது. முன்சக்கரம் ஒரு பக்கம், ஃபோர்க் ஒரு பக்கம். வஜ்தி தன் சைக்கிளுக்கு அதைப் பூட்டத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காலையில நான் எதுல போறது?"

"என் புது ஃபோர்க்கை உன்னோடதுல மாட்டிடறேன். விலை உசந்தது, உனக்கு நஷ்டமே இல்ல."

"வஜ்தி, அந்த ஸ்பானரைக் கீழ வை. நான் இன்னிக்கு மட்டும் இறங்கல. தினமும் இறங்கறேன். நீ என் பாதையைத் தோண்டின வாரத்துலேர்ந்து."

அவன் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. ஆனால் துடைப்பது நின்றது. பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. தொடை ரெண்டும் ஆடுச்சு. ஆனா மணி அடிச்சுடுமேங்கற பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு. உனக்குப் பின்னால எந்த மணியும் அடிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபோர்க்கு இல்ல."

"எனக்குப் பயம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போல்ட்டை முறுக்கத் தொடங்கினான். நான் உள்ளே போய்விட்டேன்.

திங்கள்கிழமை காலை நான் கிளம்பியபோது அவனும் தலைக்கவசத்தோடு வாசலில் நின்றான். என் பின்னாலேயே வந்தான். மதிலருகே சிவப்பு நாடா இல்லை. அந்த விலை உயர்ந்த ஃபோர்க்கோடு நான் இறங்கினேன். பழையதற்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவன் விளிம்புக்கு வந்தான், நின்றான், பின்னால் போனான்.

"வஜ்தி, எனக்கு நேரமாச்சு!" என்று கத்தினேன். "நீ வந்தா வா, இல்லன்னா நான் போறேன்!"

வந்தான். இரண்டு சக்கரமும் சரிவில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன, அவன் சாயவில்லை, விழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? அப்பவே சொன்னேன். ஃபோர்க்குதான்!"

தலைக்கவசத்தின் கொக்கியைக் கழற்றத் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனான். விரல்கள் கிடுகிடுவென்று ஆடின, கொக்கி பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டான். நான் என் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டுப் போய் அதைக் கழற்றிவிட்டேன்.

"ஆமா" என்றேன். "ஃபோர்க்குதான்."