விஸ்கிப் பீப்பாயில் ஊறிய நேர்த்திக்கடன்

வடகிழக்குக் காற்று மழையைச் சுமந்து வந்து ஜொகூரின் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. செம்பனைகள் சடை அவிழ்ந்த துறவியரைப்போல் அசையாது நனைந்தன. வானம் காலைக்கும் மாலைக்கும் ஒரே சாம்பல் ஆடையை உடுத்தியது. கோவில் பீடங்களில் ஊதாத் துணி விரிந்துவிட்டது. கிறிஸ்து பிறப்பை எதிர்நோக்கும், காத்திருத்தலே வழிபாடான திருவருகைக் காலம். மண்ணும் மரமும் மாந்தரும் வரவேண்டிய ஒன்றை நோக்கி மூச்சடக்கி நின்றனர்.

அங்கே செனாய் ஊரில் அமலநாதனும் காத்திருந்தார். மகள் எலைனின் பிரசவத்துக்காக. அது முடிந்ததும் அருந்தவிருந்த விஸ்கிக்காகவும்.

இருமுறை கருக்கலைந்த எலைன் மூன்றாம் முறை சூல்கொண்டபோது, அவர் புனித அந்தோணியார் சுரூபத்தின் முன் மண்டியிட்டு, “பிள்ளை நல்லபடியாய்ப் பிறக்கும்வரை விஸ்கியைத் தொடேன்” என்று நேர்ந்துகொண்டார். விஸ்கி என்றே பெயர் குறித்தார். பியரும் வைனும் அந்த வாக்கியத்துக்கு வெளியே பத்திரமாக நின்றன. தொழிற்சாலையில் முப்பதாண்டு தர ஆய்வாளராய் இருந்தவருக்கு விதிகளின் எல்லை தெரியாதா?

ஏழு மாதம் கழிந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, மனைவி டோரிஸின் தம்பி டாரில் ஒரு போத்தலோடு வந்தான். சிங்கப்பூரில் வேலை, ஆறு மாதமாக வைன் அறிஞன்.

“அத்தான், சிவப்பு வைன். விலை மலிவு, தரம் ராஜா வீட்டுத் தரம். கிளாஸ சுத்துங்க, மோந்து பாருங்க.”

அமலநாதன் சுற்றினார். பாதி சட்டைக்குப் போயிற்று.

“என்னடா வரணும்?”

“பிளம், வெண்ணிலா, புகை, பழைய தோலு.”

“பழைய தோலா?” என்றாள் டோரிஸ். “உங்க அத்தான் சப்பாத்து வெளியதான் கெடக்கு, சும்மாவே மோந்துக்கலாம் லா.”

முதல் மிடறிலேயே அமலநாதனின் கண்கள் செருகின. பிரிந்த நண்பனைத் தழுவியதுபோல் நாக்கு சிலிர்த்தது. இரண்டாம் கிண்ணத்தையும் முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“எங்கயோ பாத்த முகம் மாதிரி இருக்குடா.”

“அதான் அத்தான் விசயமே! மூணு மாசம் விஸ்கிப் பீப்பாயில ஊறுனது.”

அமலநாதன் பதறினார், கிண்ணம் மேசையில் இறங்கியது. “அலமாக்!”

“பயப்படாதீங்க. விஸ்கிய எடுத்துட்டு, காலிப் பீப்பாயிலதான் ஊத்துவாங்க.”

“காலின்னா ருசி எங்கேருந்துடா வருது?”

“மரத்துலேருந்து.”

“மரத்துக்குள்ள என்ன இருந்துச்சு?”

டாரில் போத்தலின் தாளை உற்றுப் படித்தான். அதில் இறையியல் எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

டோரிஸ்தான் தீர்ப்புச் சொன்னாள். “ஏழு மாசமா வாரம் ரெண்டு போத்தல் வைன் காலி பண்ணீங்க. அந்தோணியார் இன்னிக்குத்தான் பீப்பாயப் பாத்து கோவிச்சுக்கப் போறாரா?”

அமலநாதன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தபோதே மருமகன் தொலைபேசியில் அழைத்தான். எலைனுக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளையின் இதயத்துடிப்பு தளர்கிறதாம், அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள்.

டோரிஸ் காரை ஓட்டினாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தின் கோடியில், துடைப்பமும் வாளியும் சாத்தியிருந்த சுவரின் அருகே அவர் மண்டியிட்டார். “அந்தோணியாரே, இனி விஸ்கி மட்டுமில்ல, பியர், வைன், கள்ளு...” என்று பட்டியலைத் தொடங்கினார். பட்டியலில் எதை விட்டோம் என்று மனம் தேடியது. தேடும் தன் மனத்தைக் கண்டு அவர் நாணினார். பட்டியல் நின்றது. சொல் இல்லாமல், எல்லை இல்லாமல், கைகளை மட்டும் குவித்தார். முழங்கால் நோக நெடுநேரம் அப்படியே இருந்தார்.

தாயும் சேயும் நலம் என்று தாதி வந்து சொன்னாள். பெண் குழந்தை.

குழந்தையைக் காட்டியபோது, அவர் குழாயடியில் இருமுறை கை கழுவி வந்து, கட்டைவிரலால் அந்தச் சிறு நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“கண்ணே, உன்னைத் தந்தவர் உன்னோடு நடப்பாராக. உன் நாவு இனியதே பேசுக. நீ கொடுக்கும் வாக்கு, உன் தாத்தன் கொடுத்ததைவிட உறுதியாய் நிற்க. நீடு வாழ்க.”