பலகையில் இரண்டாவது வரி

பழவங்காடியில் ஓமனா டாக்டரின் பல் ஆஸ்பத்திரிக்கு வெளியே தொங்கிய பலகையில் தமிழ் இல்லை என்று, அங்கே நோயாளிகளின் பெயர் எழுதும் வேலையிலிருந்த செல்வமணி இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மலையாளம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், ஹோட்டலில் மாவு ஆட்டுகிறவர்கள். எல்லோரும் தமிழ்.

"பலகை வாயிச்சா பல்லுவேதன மாறுமா? வந்து வாயைத் திறந்தா மதி, அது போதும்," என்பார் ஓமனா டாக்டர் பாதி மலையாளத்தில். இருபத்தைந்து வருடமாக வாயைத் திறக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, பிடுங்கி அனுப்புகிறவர். பலகையிலும் முதல் வரி பல் எடுத்தல்தான்.

"இங்கிலீஷ்காரனுக்குப் பலகை வேணும், எங்க ஆளுக்கு வேண்டாம். அப்படித்தானே மேடம்?"

"உன் நாக்குக்கு மட்டும் எங்கிட்ட சிகிச்சை இல்ல கேட்டோ," என்று டாக்டர் உள்ளே போய்விடுவார்.

செல்வமணி பி.ஏ. வரலாறு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா ஞானையன், சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். இடப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் நான்கும் அவருக்கு இல்லை. இருபது வருடமாக வலப் பக்கத்தாலேயே சாப்பிடுகிறார். அந்த நான்கையும் எடுக்கும்போது யாராவது அவரிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னார்களா என்று நினைத்தாலே அவளுக்குக் கொதிக்கும். சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழன், கூலிக்காரன், பிடுங்கி அனுப்பு.

தொண்ணூற்றெட்டில் ஓமனா டாக்டரின் மகன் சுஜித் மங்களூரில் பல் மருத்துவம் முடித்து வந்தான். புது நாற்காலி வந்தது, எக்ஸ்ரே மெஷின் வந்தது. அம்மா ஒரு அறையில் எடுத்தார், மகன் அடுத்த அறையில் எடுக்காமல் காப்பாற்றப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது நாலு வார்த்தை சினிமாத் தமிழ். திருநெல்வேலிக்காரர் பல்வலியில் பேசுகிற தமிழ் எந்த சினிமாவிலும் இல்லை. அதனால் பெயர் எழுதுவதோடு, அவனுக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேசுவதும் செல்வமணியின் வேலையாயிற்று.

நான்கு மாதம் கழித்து அவன்தான் ஒரு தாளை நீட்டினான். "இங்க செய்யற எல்லாம் தமிழ்ல எழுது. பலகையில சேர்க்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். சொத்தை அடைத்தல். வேர்ச் சிகிச்சை, அதற்கு அடியில் பொடி எழுத்தில் 'பல்லை எடுக்காமலே'. பல் சுத்தம் செய்தல். கம்பி கட்டுதல். குழந்தைகளின் பல் கவனிப்பு. செட் பல். பல் எடுத்தலை வேண்டுமென்றே கடைசியில் வைத்தாள். பெயிண்டர் எழுதிவிட்டுப் போனபின் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று மூன்று முறை படித்தாள். போர் ஜெயித்த மாதிரி இருந்தது.

பத்தாவது நாள் காலையில் அந்தப் பலகையின் கீழ் ஒரு பெண் அண்ணாந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள். செல்வமணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் திரும்பியபோது யாரென்று தெரிந்தது. கோமதியம்மாள். சங்கரன்கோவிலிலிருந்து வந்து சாலை பஜாரில் தம்பி வைத்திருக்கும் தையல் கடையில் ரவிக்கை தைக்கிறவள். ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மலையாளம் பிடிபடவில்லை. போன மாதம் வந்து ஒரு முன்பல்லை எடுத்துக்கொண்டு போனவள்.

இன்றும் ரவிக்கைத் தோளில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது. சேலை நுனியால் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"பிள்ள, ஒரு பல்ல எடுத்தீய, இப்ப பக்கத்துப் பல்லு வலிக்கி. நூலக் கடிக்க அதத்தான வச்சுக்கிட்டிருந்தேன். வாயில காத்து போவுதுன்னு கடையில சின்னஞ்சிறுசெல்லாம் சிரிக்கி."

"உக்காருங்கக்கா, பேரு எழுதறேன்."

"எழுது. அது என்னது, வெளிய ரெண்டாவது வரி? பல்ல எடுக்காமலேன்னு போட்டிருக்கே."

"சொத்தை நரம்பு வரைக்கும் போயிருந்தாலும், உள்ள சுத்தம் பண்ணி அடைச்சுப் பல்லை நிறுத்திரலாம்க்கா."

"புதுசா வந்ததோ?"

"இல்ல."

"அப்ப போன தடவ எனக்கு ஏன் அத செய்யல?"

"டாக்டர் கூப்பிடறார், வாங்க," என்றாள் செல்வமணி. டாக்டர் கூப்பிடவில்லை.

போன தடவை நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். சுஜித் வாய்க்குள் பார்த்த உடனே, தையல்காரியா என்று கேட்டான். முன்பல்லின் விளிம்பில் நூல் கடித்துக் கடித்து ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. பிறகு மலையாளத்தில் இரண்டு விஷயம் சொன்னான். வேர்ச் சிகிச்சை செய்து பல்லை நிறுத்தலாம், மூன்று தடவை வர வேண்டும். அது வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

செல்வமணி தமிழில் ஒரு விஷயம் சொன்னாள். "பல்லை எடுக்கணும்கறார்க்கா."

"சரி, எடுத்துருங்க," என்றாள் கோமதியம்மாள்.

"எடுக்கச் சொல்றாங்க டாக்டர்," என்று அவனிடம் சொன்னாள். அது பொய்கூட இல்லை.

இப்போது அதே நாற்காலி. சுஜித் பார்த்து முடித்துக் கையுறையைக் கழற்றினான். அவன் வாயைத் திறப்பதற்குள் கோமதியம்மாள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட ஒண்ணு கேளு. போன தடவ எடுத்த அந்தப் பல்லையும் எடுக்காம வச்சிருக்கலாமான்னு."

செல்வமணி கேட்டாள். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

சுஜித் ஆச்சரியமாகப் பார்த்தான். "அன்னு பறஞ்ஞதல்லே?" அன்றைக்கே இரண்டும் சொன்னோமே, சேச்சிதான் எடுத்தால் போதும் என்றார், இதோ கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன் என்று அட்டையைத் தூக்கிக் காட்டினான். அவன் முகத்தில் கள்ளமில்லை. அவன் தன் இரண்டு வரியையும் சொன்னவன்.

இரண்டு பேரும் செல்வமணியின் வாயைப் பார்த்தார்கள்.

அந்தப் பல்லு ரொம்பக் கெட்டுப்போயிருந்துச்சாம்க்கா. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் முடிந்தது. இவளுக்கு அவன் பேச்சு புரியாது, அவனுக்கு இவள் பேச்சு புரியாது. தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அன்று ஏன் அப்படிச் சொன்னாள்? கூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டம் இல்லை. கோமதியம்மாள் செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்தாள். மூன்று தடவை இவளால் வர முடியாது என்று நினைத்தாள். முடியாது என்று இவள் வாயால் சொல்ல வைப்பானேன் என்று நினைத்தாள். உபகாரம் செய்த மாதிரிகூட இருந்தது. அப்பாவின் நான்கு பல்லையும் பிடுங்கியவன் ஊக்குக் குத்திய செருப்பைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்திருப்பான். அவனும் இரக்கப்பட்டிருப்பானோ என்னவோ.

"அன்னைக்கே சொன்னாராம்க்கா," என்றாள். "எடுக்காமலும் செய்யலாம்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

கோமதியம்மாள் சேலை நுனியை வாயிலிருந்து எடுத்தாள். "மறந்திட்டியோ?"

வழி திறந்துதான் இருந்தது. செல்வமணி தலையை ஆட்டினாள்.

"மறக்கல. நீங்க எடுக்கத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"ஏன்?"

செல்வமணியின் கண் ஒரு நொடி கீழே செருப்புக்குப் போய் வந்தது. கோமதியம்மாளும் குனிந்து அதே இடத்தைப் பார்த்தாள்.

"ஓ," என்றாள். பிறகு, கத்தாமல்தான் சொன்னாள். கத்தியிருக்கலாம் என்றிருந்தது செல்வமணிக்கு.

"எடுக்கத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்படியே சொல்லியிருப்பேன்னே வையி. ஆனா அத நான்லா சொல்லணும்? என் வாயில இருக்க பல்லுக்கு நீ யாரு பிள்ள சொல்லுததுக்கு?"

"யாருமில்லக்கா."

"என்தா பறயுந்நே?" என்றான் சுஜித். செல்வமணி அவனுக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். நீ யாரு என்று கேட்டதையும் விடாமல் சொன்னாள். அவன் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தான். வேறு ஆட்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டான்.

"சில பேருக்கு," என்றாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்க, "நிறையப் பேருக்கு," என்றாள்.

அவன் திட்டவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கோபமா இருக்கார்."

"ஒம்மேலயா, எம்மேலயா?"

"எம்மேல."

"அது சரி," என்று கோமதியம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கி இந்தப் பல்லுக்கு என்னென்ன வழி இருக்கோ எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. அவரு தும்முனாக்கூட எனக்குத் தெரியணும்."

சுஜித் சொன்னான். செல்வமணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளி, எவ்வளவு ஆகும், மேலே உறை போட வேண்டும், எடுத்த பல்லின் இடத்தில் பிறகு ஒரு பல் வைக்கலாம். கோமதியம்மாள் குறுக்கே குறுக்கே கேட்டாள். உறை போட்ட பல்லால் நூல் கடிக்கலாமா என்று கேட்டபோது சுஜித் நெற்றியில் கையை வைத்து என்னவோ முணுமுணுத்தான்.

"என்ன சொல்லுதாரு?"

"இவ்வளவு சொல்லியும் இந்தச் சேச்சி நூலைத்தான் கேக்குதேங்கறார். கத்திரி வாங்கி வச்சுக்கிடச் சொல்றார்."

"கத்திரி வச்சுத்தான் துணி வெட்டுதேன். ஒவ்வொரு தடவையும் அதத் தேடிக்கிட்டு இருந்தா ஒரு நாளைக்கி எத்தன ரவிக்கை ஆவும்? அதையும் சொல்லு."

சொன்னாள். சுஜித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான்.

கோமதியம்மாள் கண்ணை மூடி விரலில் நாட்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு வேர்ச் சிகிச்சையே செய்யட்டும் என்றாள். தோளிலிருந்த ஊசியை உருவி, "எங்கயாவது குத்திரப்போவுது, பிடி," என்று செல்வமணியிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

சுஜித் மரப்பு ஊசியை எடுத்தான். இந்த இடத்தில் செல்வமணி யாரிடமும் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்றே சொல்லி வந்திருக்கிறாள். அதுவும் அவளாகச் சேர்த்துக்கொண்டதுதான்.

"வலிக்குமான்னு கேளு," என்றாள் கோமதியம்மாள்.

கேட்டாள்.

"முன்பல்லுங்கறதால நல்லாவே வலிக்குமாம்க்கா. ஒரு நிமிஷம்."

"சரி," என்று கோமதியம்மாள் வாயைத் திறந்தாள். "குத்தச் சொல்லு."